களிமண்ணுக்கு நடுவே ஒரு சிவப்பு அடுக்கு

போன மாதம் சிங்கப்பூரில் காலாங் பக்கம் வேலை முடிந்து நடந்து வந்தபோது, சாலையோரத் தடுப்புக்குள் ஒரு போரிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ கட்டடத்துக்கு முன்னால் மண் பார்க்கிறார்கள். மெஷின் பக்கத்தில் நின்ற தம்பி பட்டுக்கோட்டைக்காரர். நான் தமிழில் பேச்சுக் கொடுத்ததும், பெட்டியில் வரிசையாக வைத்திருந்த மண்ணைக் காட்டி, "கடல் சேறுண்ணே, சிப்பியெல்லாம் கிடக்கு பாருங்க" என்றார். சாம்பல் நிறத்தில் மெத்தென்ற களிமண், அதில் உடைந்த சிப்பித் துண்டுகள். அவர் காட்ட நினைத்தது அதுமட்டும் இல்லை. அந்தச் சேற்றுக்குக் கீழே சிவப்பும் மஞ்சளும் கலந்த கெட்டி மண் கொஞ்சம், அதற்கும் கீழே மறுபடி அதே சாம்பல் சேறு. "நடுவுல மட்டும் ஏண்ணே இப்படி இறுகிக் கிடக்கு?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தவன்தான், இரண்டு வாரம் வேறு எதிலும் மனம் போகவில்லை.

மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இருக்கும் அந்தச் சேறு இரண்டும், இரண்டு வெவ்வேறு முறை கடல் உள்ளே வந்தபோது படிந்தவை. கீழே இருப்பது சுமார் 1,20,000 ஆண்டுகளுக்கு முன், இப்போது போலவே உலகம் வெதுவெதுப்பாக இருந்த காலத்தைச் சேர்ந்தது. பிறகு பனியுகம் வந்தது. வடக்கே கண்டங்களின் மேல் பனி மலைமலையாகக் குவியக் குவிய, கடலில் தண்ணீர் குறைந்துகொண்டே போய், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இறங்கிவிட்டது. காலாங் சேறு அத்தனை காலமும் வெயிலில் கிடந்தது. மேல்பகுதி காய்ந்து இறுகி, மண்ணில் இருந்த இரும்பு காற்றுப்பட்டுத் துருவேறிச் சிவந்தது. அதுதான் அந்த நடு அடுக்கு. அப்புறம் பனி உருக, கடல் திரும்பி வந்து, கடந்த 10,000 ஆண்டுகளுக்குள் அதன்மேல் புதுச் சேற்றைப் படியவிட்டிருக்கிறது.

அப்படியானால் அந்தச் சிவப்பு மண் வெயிலில் கிடந்த காலத்தில் சிங்கப்பூர் ஒரு தீவே இல்லை. இங்கிருந்து சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் போர்னியோவுக்கும் நடந்தே போகலாம். சுண்டாலாந்து என்று சொல்கிறார்கள், நடுவில் பெரிய ஆறுகள் ஓடிய பரந்த சமவெளி அது. இன்று சிங்கப்பூரிலேயே உயரமான இடமான புக்கிட் தீமா அந்தச் சமவெளியின் ஓரத்தில் இருந்த ஒரு குன்று, அவ்வளவுதான். அதே காலத்தில் பாக் நீரிணையும் வற்றி, தமிழ்நாடும் இலங்கையும் ஒரே நிலமாக இருந்தன.

"சின்னஞ்சிறு தீவு" என்று பள்ளியிலிருந்தே கேட்டு வளர்ந்தவன் நான். தீவு என்பதே இந்த நிலத்துக்கு வந்துபோகும் ஒரு நிலை என்று யாரும் சொல்லித்தரவில்லை, சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். நிலம் மாறும் என்றாலே நமக்குக் கடலைத் தூர்த்து நிலமாக்கும் நிலமீட்புதான் ஞாபகம் வரும். தெலுக் ஆயரில் நாகூர் தர்காவைக் கட்டியபோது எதிரே கடல். இன்று அங்கே கடலைப் பார்க்க முடியாது. 1960களில் 580 சதுர கிலோமீட்டர் அளவில் இருந்த நாடு இன்று 735ஐத் தொட்டு நிற்கிறது. பெரிய வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் கடல் தானாக விலகினபோது திறந்துவிட்ட நிலத்தோடு ஒப்பிட்டால் அது ஒரு கைப்பிடி மண்.

இன்னொன்றும் படித்தேன். சுண்டாலாந்தாக இருந்து இன்று ஆழமில்லாத கடலுக்கடியில் கிடக்கும் இந்தச் சுண்டா மேடையே மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டிருக்கிறதாம். சுமார் 4 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புவரை, கடல் ஏறிய காலங்களில்கூட இது மூழ்காமல் நிலமாகவே இருந்தது என்று 2019இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. நிலம் தாழ்ந்த பிறகுதான் கடல் வந்து போக ஆரம்பித்திருக்கிறது.

இதற்கெல்லாம் அடியில், பூமியின் மேலோடான பெரும் பாறைத் தட்டுகள் நகர்கின்றன. திருச்சியில் விமானம் ஏறிச் சாங்கியில் இறங்குகிறோமே, வழியில் எங்கோ இந்தியத் தட்டைத் தாண்டிச் சுண்டா தட்டுக்கு வந்துவிடுகிறோம். அந்த எல்லை 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு மேற்கே உடைந்தபோது நாகப்பட்டினம் அழிந்தது, சுமத்ரா குறுக்கே கிடந்ததால் சிங்கப்பூர் தப்பியது. அங்கே பெரிதாக அசைந்தால் இங்கே உயரமான வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகள் ஆடும், அதிலும் இந்த மெத்தென்ற சேற்றின் மேல் நிற்பவை கூடுதலாக ஆடும். ஆஸ்திரேலியா ஆண்டுக்குச் சுமார் 7 சென்டிமீட்டர் வடக்கே வருகிறது. விரல் நகம் வளரும் வேகத்தைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பத்து லட்சம் ஆண்டுகளில் 70 கிலோமீட்டர். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது இதற்குத்தான் சரியாகப் பொருந்துகிறது. இதே வேகத்தில் வந்துகொண்டே இருந்தால், நடுவில் இருக்கும் கடல்கள் குறுகி, இப்போது தீவுகள் சிதறிக் கிடக்கும் இடத்தில் மலைகள் எழும். எழுந்தது தேயவும் செய்யும். 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் பூமிக்கு அடியில் பாறைக்குழம்பாக இருந்து இறுகிய கருங்கல்தான் இன்றைக்கு 163 மீட்டர் உயர புக்கிட் தீமா. மேலே கிடந்ததெல்லாம் மழையில் கரைந்துபோய் அது வெளியே வந்தது. அதே மழை அதையும் சிவப்பு மண்ணாக்கிக்கொண்டிருக்கிறது.

கிட்டத்தில் வருவது வேறு. 2100க்குள் நம் கரையில் கடல் 1.15 மீட்டர் வரை உயரலாம் என்பது அரசாங்கத்தின் கணிப்பு. காலாங்கில் இது மூன்றாவது சேறாகவும் படியலாம். முந்தைய இரண்டு தடவையும் இங்கே இத்தனை பேர் இல்லை, இந்தத் தடவை 60 லட்சம் பேர் இருக்கிறோம். பிள்ளைகளை நினைத்தால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

போன வாரம் அந்தத் தம்பியைத் தேடிப் போனேன். பழைய துளையைச் சிமென்ட் ஊற்றி அடைத்துவிட்டு, மெஷினைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். கடல் போய்த் திரும்பி வந்த கதையைச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "கோடையில எங்க ஊர்க் குளம் வத்தி வெடிச்சுக் கிடக்கும்ல, அந்த மாதிரியாண்ணே?" என்றார். அதேதான் தம்பி என்றேன். புதுப் பெட்டியைத் திறந்து காட்டினார். இங்கேயும் நடுவில் அந்தச் சிவப்பு இருந்தது.