அந்தச் சிவப்பு வட்டத்துக்காக ஒரு புகார்

ராத்திரி எட்டு மணிச் செய்தியில் ஒருவரைத் தெருவில் வெட்டுகிற சிசிடிவி காட்சி. முகத்தைக்கூட மறைக்கவில்லை. போதாததற்கு அரிவாளை ஓங்கும் இடத்தில் சிவப்பு வட்டம் போட்டு, நிறுத்தி நிறுத்தி நாலு தடவை காட்டினார்கள். பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் "மறுபடியும் காட்டுறாங்கப்பா" என்று சொன்ன பிறகுதான் ரிமோட்டைத் தேடினேன்.

அன்றைக்கே கோபத்தில் சேனலுக்கு நீளமாக ஒரு மெயில் அனுப்பினேன். 24 மணி நேரத்துக்குள் ஒப்புகை வந்தது. (2021-இல் கேபிள் டிவி விதிகளைத் திருத்தியதிலிருந்து அது கட்டாயம்.) 15 நாளுக்குள் முடிவும் சொல்ல வேண்டும். சரியாகப் பதினைந்தாம் நாள், "காட்சிகள் மங்கலாக்கப்பட்டே ஒளிபரப்பாகின" என்று ஒற்றை வரி. பொய் என்றும் சொல்ல முடியாது, பத்து மணிச் செய்தியில் மங்கலாக்கித்தான் போட்டார்கள். நாடு எங்கே போகிறது என்று ஒரு பக்கத்துக்குப் புலம்பிய நான், எத்தனை மணிச் செய்தி என்பதை எழுதவே இல்லை!

அடுத்து மேல்முறையீடு. சேனல்கள் சேர்ந்து வைத்திருக்கும் சுயஒழுங்கு அமைப்புக்கு, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் இருப்பது, 15 நாளுக்குள் போட வேண்டும். இந்தத் தடவை புலம்பலை வெட்டிவிட்டுத் தேதி, மணி, எத்தனை தடவை காட்டினார்கள் என்பதை மட்டும் எழுதினேன். அப்புறம் எதைக் காட்டக் கூடாது என்று சொல்லும் நிகழ்ச்சி விதித்தொகுப்பை, அதாவது அதே கேபிள் டிவி விதிகளின் விதி 6-ஐச் சுட்டிக்காட்டினேன். குழந்தைகள் அதிகம் பார்க்கும் நேரத்தில் அவர்களுக்கு ஒவ்வாததைக் காட்டக் கூடாது என்று அதிலேயே இருக்கிறது. 2023 ஜனவரியில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் சேனல்களுக்கு அனுப்பிய அறிவுரையைப் படித்தபோது சிரிப்பே வந்துவிட்டது, அடிக்கிற இடத்தை வட்டமிட்டுக் காட்டுவதைப் பற்றி அதிலேயே எழுதியிருக்கிறார்கள். அதையும் இணைத்தேன். ஒளிபரப்பின் பதிவைச் சேனல் 90 நாள்தான் வைத்திருந்தாக வேண்டும், அதனால் ஆறப்போட்டால் போச்சு.

முடிவு சொல்ல அந்த அமைப்புக்கு 60 நாள் அவகாசம். கிட்டத்தட்ட முழுசாக எடுத்துக்கொண்டு, சேனலுக்கு எச்சரிக்கை விடுத்து உத்தரவு போட்டார்கள். அபராதமெல்லாம் இல்லை. அதற்கும் மேலே அமைச்சகத்திடம் போகலாம். நான் போகவில்லை, அலுத்துவிட்டது.

போன வாரம் அதே சேனலில் மறுபடி ஒரு வட்டம். காட்சி மங்கல்தான், வட்டம் மட்டும் பளிச்சென்று இருந்தது. மணி 8.12. குறித்துவைத்திருக்கிறேன்.