ஐந்து மரக் கோபுரங்களின் ஊர்

வின்னிபெக்கிலிருந்து மேற்கே நான்கு மணி நேரத்துக்கும் மேல் கார் ஓட்டி, ரசல் என்ற சிற்றூரைத் தாண்டி வடக்கே திரும்பினால் இங்லிஸ். கனடாவின் மனிட்டோபா மாகாணத்துக் குக்கிராமம். நான் போனது அங்கே வரிசையாக நிற்கும் ஐந்து மரக் கோபுரங்களைப் பார்க்க.

அவற்றை எலிவேட்டர் என்கிறார்கள். எலிவேட்டர் என்றால் நமக்கு லிஃப்ட். இந்தப் புல்வெளி மாகாணங்களில் அது தானியக் குதிர். 1922இல் கனடியன் பசிபிக் ரயில்வேயின் கிளைப் பாதை இங்கே வந்து சேர்ந்தது. உடனே குதிர்கள் எழுந்தன. ஒவ்வொரு தானியக் கம்பெனிக்கும் சொந்தமாக ஒன்று. அவற்றில் யுனைடெட் கிரெய்ன் குரோவர்ஸ் விவசாயிகளே பங்கு போட்டு நடத்தியது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

ஒன்றின் உள்ளே போனேன். பலகைகளைப் படுக்கவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஆணி அடித்தே சுவரை எழுப்பியிருக்கிறார்கள். நெட்டுக்கு நிறுத்தினால் கோதுமையின் பாரம் சுவரைப் பிளந்துவிடும். உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். பல்லாண்டுகள் தானியம் உரசியதில் மரம் இழைத்தாற்போல் வழவழத்தது. வண்டியை எடைமேடையில் நிறுத்தி, கோதுமையைக் கீழே குழியில் கொட்டுவார்கள். கிண்ணங்கள் கோத்த பட்டை அதை உச்சிக்கு அள்ளிக்கொண்டு போகும். அங்கிருந்து குழாய் வழியாகக் குதிருக்குள் விழும். ரயில் பெட்டி வந்ததும் தானியம் மறுபடி குழாய் வழியாகப் பெட்டிக்குள் இறங்கும்.

இத்தகைய ஊர்கள் பாதை நெடுக சுமார் 10 முதல் 16 கிலோமீட்டருக்கு ஒன்றாக முளைத்தன. கோதுமை ஏற்றிய குதிரை வண்டி போய், பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பக்கூடிய தூரம் அது. 1933இல் மேற்குக் கனடாவில் 5,700க்கும் அதிகமான குதிர்கள் இருந்தன.

லாரி வந்ததும் அந்தத் தூரக் கணக்கு பொய்த்துப் போனது. ஆனாலும் 1897இல் கனடிய அரசும் கனடியன் பசிபிக் ரயில்வேயும் போட்ட ஒப்பந்தப்படி தானியத்துக்குக் கிடைத்த சலுகை ரயில் கட்டணம் கிளைப் பாதைகளை நெடுங்காலம் காப்பாற்றியது. 1995இல் அந்த ஏற்பாட்டின் கடைசி மிச்சமும் ரத்தானது. பிரதான பாதைகளில் ராட்சத கான்கிரீட் கிடங்குகள் எழும்ப, ஊர் ஊராக மரக் குதிர்களை இடித்தார்கள். அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப் போகும். இங்லிஸ்காரர்கள் தங்கள் ஐந்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. இன்று அவை தேசிய வரலாற்றுச் சின்னம்.

ரயில் இப்போது இங்கே வருவதில்லை. ரசலுக்குத் திரும்ப எனக்கு இருபது நிமிடம்தான் ஆனது.