பேஜ்மேக்கர் மலரை யூனிகோடுக்கு மாற்றப் பட்ட பாடு

திருமங்கலம் பக்கத்துக் கோயில் ஒன்றின் பழைய குடமுழுக்கு மலரை மறுபதிப்புக்காக, இன்று எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றும் வேலை. குறியீட்டை மாற்றித் தரும் கன்வர்ட்டரில் ஒட்டி எடுக்க ஐந்து நிமிடம். அதற்கு முன்னும் பின்னுமாகப் போனது நான்கு நாள்.

முதல் அலைச்சல் ஃபான்ட்டுக்கு. மலரை அச்சடித்த மதுரை பிரஸ்ஸில் கொடுத்த சிடியில் பேஜ்மேக்கர் (பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள்) ஃபைல் மட்டும்தான் இருந்தது. "ஃபான்ட்டெல்லாம் உள்ளேயே இருக்கும் சார்" என்றார்கள். இருக்காது, பேஜ்மேக்கர் ஃபைலில் ஃபான்ட்டின் பெயர்தான் இருக்கும். மறுபடி ஒரு நடை. ஃபைல் வாங்கும்போதே டிடிஎஃப் என்ற ஃபான்ட் ஃபைலையும் கேட்டு வாங்கிவிடுங்கள். டைப் 1 என்ற பழைய வகை ஃபான்ட் என்றால் பிஎஃப்பி, பிஎஃப்எம் ஃபைல்கள் இரண்டும் வேண்டும். 2023க்குப் பிந்தைய அடோபி மென்பொருள்கள் அதை ஏற்காது என்பதால் பழைய கணினி ஒன்றும் கைவசம் இருக்கட்டும். ஃபான்ட் இல்லாமல் திறந்தால் மாற்று ஃபான்ட் கேட்டு ஒரு பெட்டி வரும். அங்கே 'தற்காலிகம்' போதும். நிரந்தரமாக மாற்றிச் சேமித்தால் எந்த வரி எந்த ஃபான்ட்டில் இருந்தது என்ற தடயமே அழிந்துவிடும்.

அந்தத் தடயம் எவ்வளவு முக்கியம் என்பது அடுத்த நாள் தெரிந்தது. மலரின் உடல் டேப் குறியீட்டில், தலைப்புகள் பாமினியில்; இரண்டும் யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறியீடுகள். மொத்தமாக டேப் என்று கொடுத்தால் தலைப்பெல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகவே நிற்கிறது. பாமினி என்று கொடுத்தால் நன்கொடையாளர்களின் ஆங்கில முகவரிகளும் தமிழாகிவிடுகின்றன. கமா வந்த இடத்தில் 'இ', செமிகோலன் வந்த இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளி. எந்தக் குறியீடு என்று சந்தேகமா? ஒரு வரியை நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். சாதாரண ஆங்கில எழுத்தும் செமிகோலனுமாக இருந்தால் பாமினி வகை. தலையில் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக இருந்தால் டேப், இன்னொரு பழைய குறியீடான திஸ்கி மாதிரி ஏதோ ஒன்று. வெறும் டெக்ஸ்டாக எடுக்காமல், ஃபான்ட் விவரத்தையும் சேர்த்து வைக்கும் ஆர்டிஎஃப்-ஆக எடுத்து, ஃபான்ட் வாரியாகப் பிரித்து என்எச்எம் கன்வர்ட்டரில் கொடுத்ததும் ஒழுங்காக வந்தது.

திஸ்கி ஃபைல் வைத்திருப்பவர்கள் 'இ' இருக்கிறதா என்று முதலில் பார்க்கவும். குறியீட்டு அட்டவணையில் அதன் இடம் 173. விண்டோஸில் அதே இடம் கண்ணுக்குத் தெரியாத ஹைஃபனுக்கு என்பதால் காப்பி செய்யும்போது சில நேரம் விழுங்கப்பட்டு, 'இந்த' வெறும் 'ந்த' ஆகிவிடும்.

பிறகுதான் நிஜமான வேலை. டைப்ரைட்டர் பழக்கத்தில் அடித்தவர்கள் ரகரத்துக்குப் பதிலாகத் துணைக்காலை (ா) போட்டிருப்பார்கள்; 'தூண்' என்பதைத் 'துாண்' என்று அடித்திருப்பார்கள். பார்வைக்குச் சரி, தேடினால் கிடைக்காது. காலுக்குப் பின் புள்ளி, காலுக்குப் பின் இகரக்குறி, உகரக்குறிக்குப் பின் கால் ஆகிய மூன்றும் தமிழில் வரவே வராது. கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாக மாற்றலாம்.

ஔகாரத்தில் அந்தத் துணிச்சல் கூடாது. மதுரை மலரில் சௌராஷ்டிர சபை, பௌர்ணமி பூஜை இல்லாமலா இருக்கும்? எல்லாம் 'செளராஷ்டிர', 'பெளர்ணமி' என்று கொம்பும் ளகரமுமாக வந்திருந்தன. மொத்தமாக ஔகாரக்குறி போட்டதில் வெள்ளியம்பலம் 'வௌ்ளியம்பலம்' ஆனது, தெளிவு 'தௌிவு' ஆனது. அரை நாள் வேலை பாழ். ளகரத்துக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாத இடங்களில் மட்டும் மாற்ற வேண்டும். நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (நிபந்தனையோடு தேடும் சூத்திரம்) போட்டால் ஒரே ஓட்டம். அதிலும் சறுக்கியது கும்மிப்பாட்டில்: 'வெளக்கேத்தி' என்ற பேச்சுச்சொல் 'வௌக்கேத்தி' ஆகிப் பல்லிளித்தது. வட்டார வழக்குப் பக்கங்களைக் கையால்தான் பார்க்க வேண்டும்.

மறுபதிப்பைப் பக்கமாக்க இன்டிசைன் மென்பொருளில் கொட்டியதும் கொம்புகள் இடம் மாறி, புள்ளிவட்டத்தோடு நிற்கும். பயப்பட வேண்டாம், கன்வர்ஷன் தப்பில்லை. பாராகிராஃப் மெனுவில் வேர்ல்ட்-ரெடி கம்போஸரைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் தத்தம் இடத்துக்குப் போய்விடும்.