ஆட்டிசம் சான்றிதழ் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டிய வரி

மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யுடிஐடி அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிப்பது எப்படி என்று சொல்லித்தரப் பலர் இருக்கிறார்கள். அந்தப் பகுதி எங்களுக்கும் ஒரே மாலையில் முடிந்துவிட்டது. ஆறு வயதாகும் என் மகனுக்கு ஆட்டிசம் இருப்பதை முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனத்தில் முன்பே உறுதி செய்துகொண்டோம். அங்கும் சிக்கல் எதுவும் இல்லை. எங்களை அலைய வைத்தவை அதற்குப் பின் வந்த மாவட்ட மருத்துவக் குழுவும், சான்றிதழில் தட்டச்சான ஒரே ஒரு வரியும்தான். இன்னும் ஆற்றாமை தீராத நிலையில்தான் இதை எழுதுகிறேன்.

மருத்துவக் குழு கூடும் கிழமை சுவரில் எழுதப்பட்டிருக்கும். அன்று கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் வருவாரா என்பது எங்கும் எழுதப்பட்டிருக்காது. கை, கால் பாதிப்புக்கோ பார்வைக் குறைபாட்டுக்கோ வந்தவர்கள் அடுத்தடுத்து உள்ளே போய்த் திரும்பிக்கொண்டிருக்க, எங்களைப் போன்றவர்கள் மட்டும் மதியம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அதற்குப் பிறகுதான், "சைக்காலஜி மேடம் இன்னைக்கு லீவும்மா" என்ற பதில் கிடைத்தது. இரண்டு பேருந்து மாறி, கூட்டத்தையும் இரைச்சலையும் தாங்க முடியாத ஒரு குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்தவர்களிடம் இதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாம். முந்தைய நாளே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து, முகாம் நடக்குமா என்று கேட்காமல், மனநல மருத்துவரும் சைக்காலஜிஸ்டும் வருவார்களா என்று பெயர் குறிப்பிட்டே கேளுங்கள்.

மதிப்பீடு நடந்த அன்று வேறொரு சங்கடம் ஏற்பட்டது. என் மகனுக்குச் சீலிங் ஃபேன் என்றால் உயிர். அந்த அறையில் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்த பழைய ஃபேனைப் பார்த்தபடி, வீட்டில் ஒருநாளும் இல்லாத அமைதியோடு அவன் உட்கார்ந்துவிட்டான். "பேர் என்ன?" என்று மருத்துவர் கேட்டதற்கு அவன் "பேர் என்ன" என்றே திருப்பிச் சொன்னதைக்கூட உதவியாளர் பேச்சாக எடுத்துக்கொண்டு, "பையன் நல்லாத்தானே இருக்கான்" என்றார். அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. கடையில் காதைப் பொத்திக்கொண்டு தரையில் புரண்டது, ஒரே பொம்மைச் சக்கரத்தை மணிக்கணக்கில் சுழற்றியது, சாப்பாட்டின் நிறம் மாறியதற்குத் தட்டைத் தள்ளிவிட்டது ஆகியவற்றைத் தேதியோடு கைபேசியில் எடுத்து வைத்திருந்தோம். சைக்காலஜிஸ்ட் அவற்றைப் பொறுமையாகப் பார்த்தார். இந்த முழு அலைச்சலிலும் நான் மனதார நன்றி சொல்லக்கூடிய ஓரிருவரில் அவரும் ஒருவர்.

அங்கே பயன்படுத்துவது ஐ.எஸ்.ஏ.ஏ. என்னும் இந்திய ஆட்டிச அளவீடு. செகந்திராபாத்தில் உள்ள, அறிவுசார் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் நம் குழந்தைகளுக்கென்றே உருவாக்கியது இது. ஆறு பிரிவுகளில் 40 கூறுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் இடுவார்கள். மொத்தம் 70-க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்று பொருள். பாதிக்கு மேல் நாம் சொல்லும் பதில்களை வைத்தே மதிப்பெண் விழுகிறது என்பதால், எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு தாய் பெருமை விடாமல் "எல்லாம் அவனே செஞ்சுக்குவான்" என்று சொல்லச் சொல்ல எனக்குப் பதைத்தது. துணையில்லாமல் எத்தனை முறை செய்வான் என்று சைக்காலஜிஸ்ட் திருப்பிக் கேட்ட பிறகுதான் அந்த அம்மா விளக்கமாகச் சொல்லத் தொடங்கினார். பிள்ளையைப் பிறரிடம் விட்டுக்கொடுக்காமல் பேசியே பழகிய நமக்கு அந்த அறையில் வேறு விதமாகப் பேசுவது கடினம்தான். ஆனாலும் நாம் கூடவே நின்று செய்ய வைப்பதைத் தனியாகச் செய்வதாகச் சொல்லிவிடக் கூடாது.

வெளியே காத்திருந்தபோது, "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு எல்லாம் செல்போனால வர்றது" என்று ஊழியர் ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி தீர்ப்புச் சொன்னார். சிற்றூர்களையும் சேர்த்து, நாட்டின் 5 இடங்களில் ஏறத்தாழ 4,000 குழந்தைகளை நேரில் பரிசோதித்து 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. பார்வை, செவித்திறன், வலிப்பு, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ளிட்ட நரம்பியல் வளர்ச்சிச் சிக்கல்களில் ஒன்றேனும் உள்ளவர்கள் 6 முதல் 9 வயதுக் குழந்தைகளில் 13.6 விழுக்காடு என்று அது காட்டியது. அதை அவரிடம் சொல்ல வாய் வரை வந்தது. கையெழுத்து இன்னும் வாங்கவில்லையே என்று அடக்கிக்கொண்டேன்.

சான்றிதழ் வந்ததும் எல்லோரையும் போல நானும் முதலில் தேடியது விழுக்காட்டைத்தான். சலுகைகளுக்கு வேண்டிய 40-ஐத் தாண்டியிருந்தது. அட்டையும் அந்த அளவைக் காட்டும் மஞ்சள் கோட்டோடு வரும் என்று நிம்மதியானேன். வீட்டுக்கு வந்து என் கணவர் படித்தபோதுதான், குறைபாட்டின் வகை என்ற இடத்தில் ஆட்டிசம் இல்லாமல் வெறும் அறிவுசார் குறைபாடு என்று பதிவாகியிருப்பது தெரிந்தது. மருத்துவர்கள் கையெழுத்திட்ட மதிப்பீட்டுத் தாளில் சரியாகவே இருந்தது. கணினியில் ஏற்றியவர்தான் மாற்றிவிட்டார். மறுநாள் போய்க் கேட்டால், "ரெண்டும் ஒண்ணுதானேம்மா, எதுவா இருந்தாலும் பணம் வந்துரும்" என்றார். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அறிவுசார் குறைபாடு என்ற பெருந்தலைப்புக்குள்தான் வருகின்றன. அவர் அதைத்தான் காட்டினார். ஆனால் அதே பட்டியல் இவற்றைத் தனித்தனியாகவும் சொல்கிறது. சான்றிதழில் இருக்க வேண்டியது அந்தத் தனிப் பெயர். வருமான வரியில் 80டிடி பிரிவின்படி, மாற்றுத்திறனாளிக் குழந்தையைப் பராமரிப்பதற்கான கழிவு கேட்கும்போது ஆட்டிசத்துக்கு 10-ஐஏ என்ற மருத்துவச் சான்றுப் படிவம் தனியாக வேண்டும். அதில் ஒன்றும் சான்றிதழில் மற்றொன்றும் இருந்தால் யார் பதில் சொல்வது?

மேசைக்கு மேசை அனுப்பினார்கள். மருத்துவமனை நல அலுவலகத்தைக் கைகாட்டியது. நல அலுவலகம் மருத்துவமனையைக் கைகாட்டியது. கடைசியில் ஆட்சியர் அலுவலகத்தின் திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்தில், மதிப்பீட்டுத் தாளின் நகலையும் சான்றிதழின் நகலையும் அருகருகே இணைத்து, தவறான வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு மனு கொடுத்தோம். மனுவுக்கு எண் விழுந்ததும் வேகமே வேறாகிவிட்டது. அதுவரை "சிஸ்டத்துல மாத்த முடியாது" என்றவரே அழைத்து, திருத்தப்பட்ட சான்றிதழைப் பதிவிறக்கம் செய்துகொள்ளச் சொன்னார். அச்செடுத்த கையோடு ஆட்டிசம் என்ற சொல்லை நான் மூன்று நான்கு முறை படித்துப் பார்த்தேன்.

இதற்கிடையே நடந்த ஆதார் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்து வயது நிறைந்த குழந்தைக்குக் கைரேகையும் கருவிழியும் புதிதாகப் பதிய வேண்டும். 7 வயதுக்குள் செய்தால் கட்டணம் இல்லை. முகத்துக்கு நேரே ஒரு கருவியைக் கொண்டு வந்தாலே அலறும் குழந்தையின் தலையை, மையத்தில் இருந்தவர் இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தப் பார்த்தார். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். பிறகு பழைய பைனாகுலர் பொம்மை ஒன்றை வாங்கி, தினமும் கண்ணில் வைத்து விளையாட்டுக் காட்டிப் பழக்கி, மையம் திறந்தவுடன் கூட்டம் சேர்வதற்கு முன்பே வேறோர் இடத்தில் போய் நின்றோம். அங்கிருந்த இளம்பெண், "தம்பி, பைனாகுலர்ல என்ன தெரியுது?" என்று கேட்டுக்கொண்டே வேலையை முடித்துவிட்டார்.

நிராமயா காப்பீட்டில் தொல்லை இல்லை. ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தெரபிச் செலவுகளுக்கும் சேர்த்து உதவும் இந்தத் திட்டத்தில், இதை நடத்தும் மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டில் பதிவு பெற்ற ஒரு தொண்டு நிறுவனமே எங்களைச் சேர்த்துவிட்டது. தெரபி ரசீதுகளில் தேதியும் தெரபிஸ்டின் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று அன்றன்றே பார்த்துவிடுங்கள். மொத்தமாக மாதக் கடைசியில் எழுதித் தருகிறோம் என்பவர்களிடம் பிடிவாதமாக நில்லுங்கள். காப்பீட்டு அட்டையைப் புதுப்பிக்கும் நாளை இப்போதே நாள்காட்டியில் குறித்துவிடுங்கள்.

மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கான மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. வங்கிக் கணக்கைக் குழந்தையின் பெயரில், காப்பாளராக என் பெயரைச் சேர்த்துத் திறந்திருக்கிறோம். மனுவைக் கொடுத்தபோது ஒப்புகைச் சீட்டு தேவையில்லை என்றார்கள். நான் நகர மறுத்ததால், நகலின் மீது தேதியும் முத்திரையும் இட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த வாரம் அதை எடுத்துக்கொண்டுதான் விசாரிக்கப் போகிறேன்.