யாளிக்கு எத்தனை யானை வேண்டும்?

என் கற்பனை நாட்டுக் காட்டில் யாளியை விட்டு மூன்று வாரமாகிறது. சங்கப் பாடல்களில் யானையை அடித்துக் கொல்லும் ஆளியாக வருகிறதே, அந்த விலங்குதான். காட்டுக்கு இலங்கையில் அம்பாறையின் கல்லோயாக் காட்டையே மாதிரியாக எடுத்துக்கொண்டேன். அங்குள்ள சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய நீர்த்தேக்கத்தில் தீவுக்குத் தீவு நீந்திப் போகும் யானைகளை விட்டுவிட எனக்கு மனமில்லை.

வரைபடத்தைத் தரையில் விரித்து, யானைகளுக்கு 200 புளியங்கொட்டைகளும் யாளிகளுக்கு 10 குன்றிமணிகளும் பரப்பினேன். யாளி ஒன்றுக்கு மாதம் ஒரு யானை. பெண் யானையோ 22 மாதம் சுமந்து, நாலைந்து ஆண்டுக்கு ஒரு கன்றுதான் ஈனும். தாய் யானைகள் 70 என்று வைத்தால் ஆண்டுக்குக் கன்று 14, சாவு 120. இரண்டாம் ஆண்டு முடியுமுன் தரையில் குன்றிமணிகள் மட்டுமே கிடந்தன. நெஞ்சு கனத்துவிட்டது.

யாளிகளை மூன்றாகக் குறைத்தேன். மான், எருமை, பன்றி எல்லாம் இரையாயின. யாளி ஒன்றுக்கு யானை ஆண்டுக்கு இரண்டே. கணக்கு நின்றது.

ஆனால் அடிபட்ட யானையை யார் தின்று முடிப்பது? இலங்கையில் பிணந்தின்னிக் கழுகு கிடையாது. நரியும் காட்டுப்பன்றியும் கபரகொய்யா என்ற பெரிய நீருடும்பும்தான் வர வேண்டும், கரையோரம் என்றால் முதலையும். அதனால் நரிகளைப் பெருக்கினேன்.

விளாமரம் வேறு கவலை தந்தது. கல்லோயாவை ஒட்டிய இங்கினியாகலைப் பக்கம் ஒருமுறை யானை இலத்தியைக் குச்சியால் பிளந்து பார்த்திருக்கிறேன்: விளாம்பழ ஓட்டுத் துண்டுகள், நார், நடுவே வெள்ளையாய் ஒரு முளை. யானை போகாத இடத்துக்கு அந்த விதையும் அவ்வளவாகப் போகாது. யாளி பதுங்கும் ஆற்றோரத்தில் விளாங்கன்றுகளை அழித்துவிட்டு, யானை மிதிக்காத நாணலை உயரமாக வரைந்தேன்.

சென்ற ஞாயிறு மாமா வந்தார். மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் வேளாண்மை செய்கிறவர். யானைவெடியோடு பரணில் இரவு கழித்தவர். வரைபடத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"காட்டுக்குள் யாளி நின்றால் யானை அங்கே நிற்குமா மருமகன்? எங்கள் வயல் வட்டைக்குள் அல்லவா வந்து நிற்கும்? யாளி ஆளுக்கும் விளக்குக்கும் கிட்ட வராது என்று யானைக்குத் தெரிந்துவிடும்."

செத்த யானைகளை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தேன். அஞ்சி ஓடியவற்றை எண்ணவே இல்லை. மூன்று யாளிகள் ஆண்டுக்கு ஆறு யானைகளைக் கொல்லலாம், ஆனால் அந்த அச்சம் நூறு யானைகளை இடம் மாற்றும். பெரும்போக நெல் கதிர் முற்றும் வேளையில் அவை எங்கே போகும் என்று மாமாவுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நேற்றிரவு 40 புளியங்கொட்டைகளை எடுத்து வயலோரம் வைத்தேன். அங்கே இதுவரை ஊரே வரையவில்லை. முதலில் ஒரு பரண் வரையப் போகிறேன்.