லிஸ்பனில் ஒரு நாள்: காலையில் நாட்டா, பிற்பகலில் கோட்டை

நாட்டா என்பது முட்டைக் கஸ்டர்ட் நிரப்பிய போர்ச்சுகீசியச் சிறு பேஸ்ட்ரி; அதைச் செய்யக் கற்கும் வகுப்பைக் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறினால் வெண்ணெய் இளகும். பஃப் பேஸ்ட்ரி எனும் வெண்ணெய் மடித்த மாவின் அடுக்குகள் ஒட்டிப்போய் உப்பாது.

பாஸ்தெல் டி நாட்டாவின் (நாட்டாவின் முழுப்பெயர்) சூட்சுமம் கட்டைவிரலில்தான். மாவைப் பாய்போல் சுருட்டி, 2 செ.மீ. துண்டுகளாக்கி, வெட்டிய முகம் மேலே தெரிய அச்சில் வையுங்கள். விரலைத் தண்ணீரில் நனைத்து, நடுவிலிருந்து விளிம்புவரை அழுத்தி ஏற்றுங்கள். அடி கனமாக இருந்தால் வேகாது. உள்ளே ஊற்றும் கஸ்டர்டுக்கு, மைதா கரைத்துக் காய்ச்சிய பாலில், பட்டையும் எலுமிச்சைத் தோலும் போட்ட சர்க்கரைப் பாகைக் கலந்து, ஆறியபிறகே மஞ்சள் கரு சேர்க்க வேண்டும். சூட்டோடு சேர்த்தால் திரிந்துவிடும். அச்சில் முக்கால் அளவு போதும். ஓவன் சூடு 250 டிகிரிக்குக் குறையக் கூடாது. குறைந்தால் மேலே கரும்புள்ளி விழுவதற்குள் உள்ளே கஸ்டர்ட் வெந்து கெட்டிப்பட்டுவிடும். வீட்டு ஓவனில் பலருக்கும் சறுக்குவது இங்கேதான்.

சாவோ ஜார்ஜ் கோட்டைக்கு மேடேறிக் களைக்க வேண்டாம், ஃபிகேரா சதுக்கத்தில் 737 பஸ் இருக்கிறது. 1147-இல் போர்ச்சுகலின் முதல் மன்னர் அஃபோன்சோ என்ரிக்ஸ், அப்போது நகரை ஆண்ட முஸ்லிம்களான மூர்களிடமிருந்து கைப்பற்றிய கோட்டை. ஆனால் இன்று பார்க்கும் மதிலில் கணிசமான பகுதி 1938-இல் தொடங்கிய சீரமைப்பு. படிகள் செங்குத்து, கல் வழுக்கும். ரப்பர் அடிச் செருப்பு நல்லது. மிச்ச நாட்டாவை அங்குள்ள மயில்கள் கண்ணில் காட்டாதீர்கள்.