ஆற்றங்கரைச் செட்டியாருக்குப் பக்கத்தில் ஓர் ஆச்சி

"உங்க ஆளுங்கதானே, வட்டிக்கு விட்டவங்க?" சிங்கப்பூர் ஆற்றங்கரையில் வெண்கலச் செட்டியாரோடு படம் எடுத்துக்கொண்டே சென்னைத் தோழி கேட்டாள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஆனாலும் செட்டிநாட்டு நகரத்தார் வீட்டில் பிறந்த எனக்குச் சுருக்கென்றது.

சிற்பி செர்ன் லியான் ஷான் செய்த சிலை அது. அந்தக் காலத்துச் செட்டியாரையும் இந்தக் காலத்து நிதித்துறைக்காரர்களையும் ஒன்றாக வைத்திருக்கிறார். எனக்கு உயிர். நம்மவர்கள் செட்டித் தெரு என்று சொன்ன மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஒரு காலத்தில் கிட்டங்கிகள், அதாவது செட்டியார்களின் கடைகள். தரையில் உட்கார்ந்து, முன்னால் பெட்டியை வைத்துக்கொண்டு கொடுக்கல் வாங்கல். ராத்திரி அங்கேயே படுக்கை. எங்கள் ஐயாவும், அதாவது அப்பாவின் அப்பாவும், அங்கே அடுத்தாளாக, கடை உதவியாளாக, இருந்தவர்கள். இன்று அங்கே உயர உயரமான கட்டடங்கள்தான்.

எனக்கு இந்த ஊர் பழகிவிட்டது. புலுட் ஹித்தாம் அரிசியில் கவுனி கிண்டுகிறேன். தைப்பூசத்துக்கு முதல் நாள் செட்டிப்பூசம். 1859-இல் எழுந்த தேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டு, கியோங் சாய்க் ரோடு லயன் சித்தி விநாயகர் கோயிலுக்குப் போகும். கூட்டத்தில் யாராவது ஓர் ஆச்சி, எங்கள் நகரத்தார் வீட்டுப் பெண்மணி, "எந்த ஊரு, எந்தக் கோயிலு?" என்று கேட்டுவிட்டால் போச்சு. மனசு காரைக்குடி வளவு வீட்டுக்கு ஓடிவிடும்.

அங்கே வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டுக்குள் அப்பத்தா இருப்பார்கள். ஐயா சிங்கப்பூரில் மூன்று வருஷக் கணக்கு முடித்துத் திரும்பும்வரை வீடு அவர்கள் கையில்தான். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு, ஊர்ச் செய்முறை எல்லாம். சிறுவாட்டுப் பணத்தைத் தனியாக வட்டிக்கு விட்டு, கணக்குச் சிட்டையும் தானே எழுதினார்கள். ஒருமுறை ஐயாவே அவர்களிடம் கடன் வாங்கி, வட்டியோடு திருப்பினார்களாம்! இதைச் சொல்லும்போதெல்லாம் அப்பத்தா முகத்தில் அப்படி ஒரு பெருமை.

ஆச்சிமார் சீதனப் பணமும் கடைகளில் முதலாகப் போய்ச் சேர்ந்து கடல் தாண்டியதுதானே. அந்த ஆச்சிக்கு ஆற்றங்கரையில் இடமில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆச்சி இல்லாமல் செட்டியாரை மட்டும் உட்கார வைத்தால் தோழி கேட்டதுபோலத்தான் கேட்பார்கள். அவளிடம் அப்பத்தா கதையைச் சொன்னேன். மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அதிலேயே போனது.

ராத்திரி ஆத்தாவுக்கு, என் அம்மாவுக்கு, போன் போட்டு, அங்கே ஓர் ஆச்சி சிலையும் வேண்டும் என்றேன். "வச்சா கண்டாங்கிச் சேலையில வைக்கச் சொல்லு. சிட்டையக் கையில கொடுக்க மறந்துடப் போறாக" என்றார்கள்.